முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது

என் வீட்டுக்காரருக்கு வாய் பேசுவதற்கு முன்பே கை பேச ஆரம்பித்துவிட்டது. அவரைப் பெற்ற இரண்டு பேருக்கும் காது கேட்காது. அழுது பிரயோசனமில்லை என்று ஆறேழு மாதத்திலேயே புரிந்துகொண்டு, பசித்தால் கட்டில் சட்டத்தைக் காலால் உதைப்பாராம். கட்டில் அதிர்ந்தால் அவருடைய அம்மா எழுந்துகொள்வார். இன்றைக்கும் அந்த மனுஷன் எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். இயந்திரத்தை ஓடவிட்டு அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பார். பெல்ட் தேய்ந்திருக்கிறதா, பேரிங் போயிருக்கிறதா என்று கையே சொல்லிவிடும். ஐந்து வயதிலிருந்து அந்த வீட்டுக்கே காது அவர்தான். கதவைத் தட்டினால் ஓடுவார், தொலைபேசி அடித்தால் எடுப்பார், கடைக்காரர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்வார், அம்மா பேரம் பேசுவதைக் கடைக்காரருக்குச் சொல்வார்.

காது கேளாதவர்கள் ஆட்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்துவிடுவார்கள். என் மாமனார் தையல்காரர் என்பதால் அவருக்கு இரண்டு விரல் கத்தரிக்கோல். இவருக்குக் கன்னக்குழி. சுட்டுவிரலைக் கன்னத்தில் வைத்து லேசாகத் திருகினால் இவர்தான். எனக்கு வைத்தது ஊசி. நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுக்கிறவள், அதனால்தான் என்று சொல்லிவைத்தார்கள். காரணம் என் வாய்தான் என்பது கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இவருடைய பதினோராவது வயதில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் இவரிடம் சொன்னார். கல்லீரல் போய்விட்டது, இரண்டு மாதம் தாங்கினால் அதிகம், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. இவர் அம்மாவின் பக்கம் திரும்பி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்று சொல்லிவிட்டார். தூரத்திலிருந்த தன் அக்காவைப் பார்க்கப் புறப்படுவதாக இருந்த அந்த அம்மா, உடம்பு தேறட்டும், அப்புறம் போகலாம் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார். ஏழு வாரத்தில் இறந்துபோனார். அக்கா மையித்தை அடக்குவதற்குத்தான் வந்தார்.

உண்மை தெரிந்தபோது மாமா அடிக்கவில்லை. ஒரு வருஷம் சாப்பிடு, வா, போ என்பதைத் தவிர மகனிடம் வேறெதுவும் பேசவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பாராம். அதற்குப் பிறகு இவர் யாருக்காகவும் ஒரு வார்த்தையைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. ஒரு தடவை வீட்டுச் சொந்தக்காரர் வந்து கத்தினார். கத்தியதைத் துளி மிச்சமில்லாமல் மாமாவுக்குச் சொன்னார். மாமா திருப்பித் திட்டினார். அதையும் துளி மிச்சமில்லாமல், அதே வேகத்தில், சொந்தக்காரரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அடுத்த மாதம் வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மற்றவர் பேசுவதைச் சொல்லும்போது இவர் “நான்” என்றுதான் சொல்வார். என்னைக் கல்யாணம் பேச வந்த அன்று மாமா கையால் ஏதோ சொல்ல, மாப்பிள்ளையான இவர் எங்கள் கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, “எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. என் பையன்தான் கொஞ்சம் மக்கு, அதை இப்பவே சொல்லிடறேன்” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. எங்கள் அப்பாவுக்கு யார் மக்கு, யார் மாப்பிள்ளை என்று புரியவே ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் அந்த நிமிடமே சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

மாமா நாற்பது வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் பள்ளிவாசல் போகிறவர். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் அதற்கு முன்னால் அரை மணி நேரம் தமிழில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, செய்வார். மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எழுதப் படிக்கவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிப்பார், கண்ணைத் துடைத்தால் தானும் துடைப்பார். தொழ வேண்டும் என்று தெரியும். யாருடைய வழியில் தொழுகிறோமோ அந்த நபியவர்கள் என்ன சொன்னார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு வரியும் தெரியாது. இவருக்கும் மதரஸாவில் ஓதியதைத் தாண்டி எதுவும் தெரியாது, தெரிந்ததையும் உட்கார வைத்துச் சொல்ல நேரம் இருந்ததில்லை.

வழி பிறந்தது பள்ளிவாசல் செயலாளரால்தான். அவர் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும், அதனால் மாமா வைத்த அடையாளம் பேனா. அவர் வீட்டு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் மாமா வீடியோவில் அழைக்க, இவர் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் பேசியிருக்கிறார். செயலாளர் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாராம்.

“தம்பி, இதைப் பள்ளிவாசல்ல செய்ய முடியாதா?”

அவரே ஒரு மேடைப் பலகை செய்து போட்டார். கைகள் தெளிவாகத் தெரிய ஒரு விளக்கு மாட்டினார். மாடியில் பெண்கள் பகுதியில் இருக்கும் டிவியில் ஹஜ்ரத்தோடு சேர்ந்து இவரும் முதல் வரிசையும் தெரிகிற மாதிரி கேமராவைத் திருப்பி வைத்தார். முதல் வாரம் ஏழு பேர். ஒரு வருஷத்தில் கீழே இருபத்து மூன்று பேர், மாடியில் ஒன்பது பெண்கள். இரண்டு பஸ் மாறி வருகிறவர்களும் இருந்தார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அந்த ஒரு வருஷம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

மாமா வீட்டுக்கு வந்ததும் கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லாமல் தையல் மெஷினில் உட்காரமாட்டார். நபியவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்று, எழுபத்தொரு வயது மனிதர், வீட்டிலிருந்த எல்லாருடைய செருப்பையும் எடுத்துவைத்துத் தைத்தார். நன்றாக இருந்த என் செருப்பையும் சேர்த்துத்தான்.

வருஷம் நிறைந்த வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் வேண்டுமென்றே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டார். நபியவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் மார்க்கம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பார்வையில்லாத ஒருவர் எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று நடுவில் வருகிறார். நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று இறைவனே கண்டித்து வசனம் இறக்கினான். பெரிய மனிதர்களைவிட அந்த ஒருவர் பெரியவர். ஹஜ்ரத் இதைச் சொன்னது அந்த முதல் வரிசைக்காக.

கைமொழியில் கதை சொல்வது எப்படி என்று தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும். நாம் “அவர் முகம் சுளித்தார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவர்களுக்கு முகம் சுளித்தால்தான் முகம் சுளித்தது. கதையில் யார் பேசுகிறாரோ அவராகத் தோளைத் திருப்பி, அவர் பார்க்கிற பக்கம் பார்த்து, அவர் முகத்தை வாங்கிக்கொண்டுதான் பேசவேண்டும். புருவத்தைத் தூக்கினால் கேள்வி, உதட்டைப் பிதுக்கினால் இல்லை. நாக்கு நமக்கு எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு முகம். இவர் பால் குடிக்கிற வயதிலிருந்து அப்படியே பேசியவர். அன்றைக்கும் புருவத்தைச் சுருக்கினார், முகத்தைத் திருப்பினார். முதல் வரிசையில் நாலைந்து பேர் அழுதார்கள்.

மாடியில் இளம் தாய் ஒருத்தி டிவியில் ஓடியதைத் தன் ஃபோனில் பதினான்கு விநாடி எடுத்து, எவ்வளவு அழகாகச் சொல்கிறார் பாருங்கள் என்று எழுதித் தன் தங்கைக்கு அனுப்பினாள். பெருமைக்குத்தான் அனுப்பினாள், அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். தங்கை இன்னொருத்திக்கு அனுப்ப, வழியில் எங்கேயோ எழுத்து உதிர்ந்து படம் மட்டும் போயிற்று. சனிக்கிழமை மதியம் அது என் ஃபோனுக்கே வந்துசேர்ந்தது. சத்தமில்லை. பள்ளிவாசலுக்குள் ஒரு ஆள் முகத்தைக் கோணிக்கொண்டு திரும்புகிறார். கீழே, நபியவர்களை நடித்துக் காட்டும் துணிச்சல் என்று எழுதியிருந்தது.

எனக்குத் தலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒருத்தருக்கு இரத்தம் எடுத்து முடித்திருந்தேன். அவர்தான் என்னை உட்காரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ரிப்பேருக்குப் போன வீட்டில், இவர் கழற்றிய மெஷினை அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். கருவிப் பையோடு வீட்டுக்கு வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இத்தனைக்கும் இவர் வீட்டில் ஒரு போட்டோ மாட்ட விடாதவர். எங்கள் கல்யாணப் படம் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. உயிருள்ளதை வரையக் கூடாது, மாட்டக் கூடாது என்று வளர்ந்த மனுஷன். அப்படிப்பட்டவரைத்தான் இந்தப் பாடு படுத்தினார்கள்.

“ஃபோனை எடுத்து நாலு வார்த்தை சொல்லுங்களேன். இது பாஷைங்க, நடிப்பு இல்லைன்னு சொல்லுங்க.”

“அவங்க சொல்றதுல என்ன தப்பு இருக்கு?”

“என்னது?”

“நபியவங்களா யாரும் நிக்கக் கூடாது. சினிமாவுலகூட அவங்களைக் காட்ட மாட்டாங்க. நான் நின்னிருக்கேன். ஒரு வருஷமா நின்னிருக்கேன். எனக்கு அது தோணவே இல்ல பாரு.”

“பேசும்போது நாக்கைப் பத்தி யாராவது யோசிப்பாங்களா?”

“முகம் சுளிச்சது என் முகம்தானே. அவங்க எப்படிச் சுளிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். பதில் இல்லாத கோபத்தில்தான் பாத்திரச் சத்தம் எங்கள் வீட்டில் அதிகமாக வரும்.

செயலாளர் நேரில் வந்தார். பாவம், அவரைப் பிடித்தும் நாலு பேர் உலுக்கியிருந்தார்கள். “தம்பி, கையால சொல்லு, முகத்தை மட்டும் ஆட்டாம சொல்லு. ஒரு வாரம் பார்ப்போம்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் முகத்தை மாவு பிசைந்து வைத்த மாதிரி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். அரை மணி நேரம் உப்புச் சப்பில்லாமல் ஓடியது. நீங்கள் தொழுதீர்களா என்று ஹஜ்ரத் கேட்டது, புருவம் தூக்காததால், நீங்கள் தொழுதீர்கள் என்று போய்ச் சேர்ந்தது. ஒருவர் பயான் முடிந்துவிட்டதென்று எழுந்தே விட்டார். மாமா முதல் வரிசையிலிருந்து, “உனக்குப் பல் வலியா?” என்று கேட்டார். மாடியிலிருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் என்னவோ வீட்டில் அவரை அடித்துவிட்டேன் என்பதுபோல.

அதோடு முடிவு தெரியும்வரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பலகை ஓரத்துக்குப் போனது. விளக்கை அணைத்துவிட்டார்கள். மறு வாரம் முதல் வரிசைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். மாமா மட்டும் பழையபடி உட்கார்ந்து ஹஜ்ரத்தின் வாயைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் சொல்வதற்குக் கதை இல்லை. நேராகப் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதருக்குக் கிடைத்த ஒன்றே ஒன்று இப்படிக் கையைவிட்டுப் போகிறதே என்று எனக்கு ஆறவேயில்லை.

ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலகத்தில் இதைப் பேசி முடிவெடுக்கக் கூடினார்கள். மாமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன், போய்க் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு இரும்பு பீரோ, ஒலிபெருக்கி வயர் சுருள்கள், யாரோ மறந்துவிட்டுப் போன குடைகள், ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் ஹஜ்ரத்தும் செயலாளரும், இந்தப் பக்கம் மாமாவும் இவரும். கூடவே கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். அவர்கள் கடைசிவரை தேநீர் குடித்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

ஹஜ்ரத் இளவயதுக்காரர், பேச்சில் நிதானம் உண்டு. “உருவத்தைப் பத்தி மார்க்கம் படிச்ச ஆலிம்கள் எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லல. உயிருள்ளது எதையும் வரையவே கூடாதுன்னு ஒரு சாரார். நிழல் விழற சிலைதான் கூடாது, படம் பரவாயில்லன்னு சிலர். கேமரா போட்டோ கண்ணாடியில தெரியற மாதிரிதான்னு இன்னும் சிலர். சில நாடுகள்ல பழைய கையெழுத்துப் புஸ்தகங்கள்ல நபியவங்களையே வரைஞ்சு, முகத்துக்கு மட்டும் திரை போட்டிருக்காங்க. ஆனா அவங்களை ஒருத்தர் நடிச்சுக் காட்டலாம்னு நான் ஓதின உஸ்தாதுகள் யாருமே சொன்னதில்ல.”

“இது நடிப்பு இல்லையே ஹஜ்ரத்” என்றேன் நான். கூப்பிடாதவள் பேசலாமா என்று ஒரு கமிட்டிக்காரர் பார்த்தார். நானும் திருப்பிப் பார்த்தேன்.

“அதான்மா என் சங்கடமும். பேச முடியாதவங்களோட சைகை பேச்சுக்குச் சமம், நிக்காஹ்லகூடச் செல்லும்னு சட்டம் இருக்கு. அப்ப இது பேச்சு. ஆனா பார்க்கிற கண்ணுக்கு இது உருவமாவும் இருக்கு. என் கிதாபுகள்ல தேடிட்டேன், இதுக்குப் பதில் இல்ல.”

செயலாளர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். “பலகை போட்டவனே நான்தான். இவங்க வரணும்னு உங்களுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு எனக்கும் உண்டு. எனக்கு ஒரு பயம்தான். ஏன் நபியவங்களோட படம் வேண்டாம்ங்கறோம்? யாரோ ஒருத்தரோட மூஞ்சி மனசுல ஒட்டிக்கும். அப்புறம் அவங்களை வாழ்த்தி ஸலவாத்துச் சொல்றப்போ அந்த மூஞ்சிதான் முன்னால வந்து நிக்கும். அவங்க இடத்துல வேற ஒருத்தர் உட்கார்ந்திடுவார். இது நடக்கலைன்னு தெரிஞ்சா எனக்குப் போதும். தம்பி, உங்க வாப்பாகிட்டக் கேளு. அவர் நபியவங்களை நினைக்கிறப்போ மனசுல என்ன வருது?”

இவர் கேட்டார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாமா சுட்டுவிரலைக் கன்னத்தில் வைத்து லேசாகத் திருகினார்.

கன்னக்குழி.

அந்த அறையில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். மாமா, இவர், நான். மற்றவர்களுக்குப் பெரியவர் கன்னத்தைச் சொறிந்ததாகக்கூடத் தோன்றியிருக்கும். ஒளி வருகிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பலகை பழைய இடத்துக்கு வரும், விளக்கு எரியும், இருபத்து மூன்று பேர் திரும்பி வருவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லுங்கள், ஒரே ஒரு பொய் சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அல்லாஹ் மன்னிப்பான், மன்னிக்காவிட்டால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

இவர் வாயைத் திறந்தார். மூடினார். மாமா மகனின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பையனோட முகம்தான் வருது” என்றார் இவர்.

எனக்குக் கண்ணை மறைத்தது. கோபமா, பெருமையா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. செயலாளர் ஜெயித்த ஆள் மாதிரி இல்லை. பேனாவை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். “அப்ப...” என்று ஆரம்பித்தார்.

மாமா மேஜையைத் தட்டினார். மேஜை அதிர்ந்ததில் தேநீர் டம்ளர்கள் ஆடின. எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் கையால் சொல்லச் சொல்ல, இவர் அவருக்குப் பக்கத்தில் நின்றபடி வாயால் சொன்னார்.

“எனக்கும் அது சங்கடமாத்தான் இருக்கு. அந்த முகத்தைத் தள்ளித் தள்ளித்தான் ஸலவாத்துச் சொல்றேன். நபியைத் தேடினா இந்த மக்குப் பய வந்து நிக்கிறான்.”

தன்னையே மக்குப் பயல் என்று அவ்வளவு சீரியஸாகச் சொன்னதில் ஹஜ்ரத்துக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்.

“ஆனா அதுக்கு முன்னால நாற்பது வருஷம் எனக்கு எந்த முகமும் வரல, அவங்க சொன்ன ஒரு சொல்லும் வரல. கம்பளத்துல இருக்கிற பூவை எண்ணிட்டிருந்தேன். ஒரு வரிசைக்கு அறுபத்தாறு. தப்பு நடந்திருக்கு, சரி. இவனை அந்த இடத்திலேர்ந்து நகரச் சொல்லுங்க. வெளியே இல்ல. கொஞ்சம் பக்கத்துல.”

பக்கத்தில் எப்படி என்று செயலாளர் கேட்டார். மாமா எழுந்து, காலியாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, ஐந்தடி தள்ளி வந்து நின்றார்.

“நாற்காலி வேண்டாம். இன்னிக்கு நாற்காலி வெச்சா நாளைக்கு அதைத் தொட்டு முத்தம் கொடுப்பாங்க” என்றார் ஹஜ்ரத். இவர் அதைச் சொன்னதும் மாமா தலையாட்டினார். நாற்காலியைத் திரும்ப எடுத்துவைத்துவிட்டு, வெறும் இடத்தைக் கையால் காட்டினார். அங்கே நபியவர்கள் இருக்கிறார்கள், நான் அங்கே போகமாட்டேன் என்றார்.

பிறகு அந்தக் கதையைச் சொன்னார், அதே கதையை. கண்களை மூடிக்கொண்டார். கையில் இல்லாத கோலால் தரையைத் தட்டித் தட்டி வந்தார். அந்த வெறும் இடத்தின் முன்னால் நின்றார்.

“எனக்கும் சொல்லிக்கொடுங்க” என்றார் இவர், மாமாவுக்காக.

மாமா காத்திருந்தார். பதில் வரவில்லை. முகம் சுளித்ததும் திரும்பியதும் பார்வையில்லாதவருக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு இன்னும் சிரித்த முகமாகவே நின்றார், யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு. நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக முதல் வரிசையில் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“அவங்க திரும்பிக்கிட்டது எனக்குத் தெரியாது” என்றார் இவர். குரல் உடைந்துவிட்டது. “எனக்குத் தெரியாது. ஆண்டவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்காக அவன் பேசியிருக்கான். அதுக்கப்புறம் நான் எப்ப வந்தாலும், வாங்கன்னு மரியாதையாக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க.”

மாமா கண்ணைத் திறந்து உட்கார்ந்தார். முகம் சுளித்தது யார் முகத்திலும் வரவில்லை. ஆனால் நடந்தது எல்லாருக்கும் புரிந்திருந்தது.

ஹஜ்ரத் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “நாம கேட்கிறதும் இப்படித்தான் வந்து சேருது. அவங்களைப் பார்த்தவர் சொன்னார், அவர்கிட்டக் கேட்டவர் சொன்னார்னு. தம்பியும் பார்த்தவங்க பக்கம் நின்னு சொல்லட்டும். அந்த இடம் காலியா இருக்கட்டும். நபியவங்களோட வார்த்தை வந்தா, அங்கேர்ந்து வந்ததுன்னு காட்டிட்டு, கையால மட்டும் சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இதுல குத்தம் இல்ல. தப்பா இருந்தா அது என்மேல.” செயலாளர் தலையாட்டினார். எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவை எடுத்தவர், எதையும் எழுதாமல் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் இவரைக் கேட்டேன். “ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என்னங்க? கமிட்டி வேண்டாம்னு சொல்லியிருந்தா எல்லாமே போயிருக்கும்.”

“அவர் என் வாயையே பார்த்துட்டிருந்தார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆறு நாள் வீட்டில் பயிற்சி நடந்தது. பிறந்ததிலிருந்து பேசிய பாஷையை நாற்பத்தோரு வயதில் மாற்றிப் பேசுவது லேசா? அடிக்கடி பழக்க தோஷத்தில் அந்த இடத்துக்குள் போய்விடுவார். மாமா அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்து பேர்தான் வருவார்கள் என்று நினைத்தேன். எப்படித்தான் தெரிந்ததோ, பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். நான் மாடியில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஹஜ்ரத் அன்று ஒரு சிறிய சம்பவத்தைச் சொன்னார். நபியவர்கள் தொழுகை நடத்தும்போது பின்னால் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டால், அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள்.

இவர் முதலில் குழந்தையானார். முகமெல்லாம் கோணி அழுதார். பிறகு தாயானார். தொழுகையிலும் நிற்க முடியாமல், குழந்தையை எடுக்கவும் முடியாமல் தவித்தார். அப்படித் தவிக்கும்போதே, கண்ணை மெல்ல உயர்த்தி வலது பக்கம் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. யாரோ தனக்காகச் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட ஒரு தாயின் முகம். கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டினார், அதற்குள் போகவில்லை.

முதல் வரிசை முழுக்க ஒரே சமயத்தில் தலையை அந்தப் பக்கம் திருப்பியது. மாடியில் காது கேளாத பெண்கள் ஒன்பது பேரும் டிவியின் ஓரத்தை எட்டிப் பார்த்தார்கள். அந்த இடம் படத்துக்குள் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிற செயலாளரும் ஹஜ்ரத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே வெள்ளையடித்த சுவரைத் தவிர ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் எட்டிப் பார்த்தேன்.

மாமா மட்டும் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. சட்டென்று குனிந்து, திறந்திருந்த மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கசங்கிய சட்டையை இரண்டு கையாலும் நீவிவிட்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.